இரண்டு மூன்று ஆண்டு ஆட்சி
(டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தமிழன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, விடுமுறைக்கு க்ரூகர் வனவிலங்குப் பூங்கா போகத் துடிக்கும் பிள்ளைகளே!

ஒரு காலத்தில் அங்கே வெள்ளையரல்லாதோருக்கென்று பலூலே முகாமை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த எல்லைத் தகராறை இன்னொரு நாள் பேசுவோம். இன்று சிங்கங்களின் எல்லைத் தகராறு.

க்ரூகரை ஒட்டியது சாபி சாண்ட் காப்பகம். இடையிலிருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டதால் சிங்கங்கள் இரு பக்கமும் போய்வருகின்றன. 2006-இல் அதன் மேற்குப் பகுதியை ஆறு ஆண் சிங்கங்கள் பிடித்தன. மப்போகோ என்று பெயர். நம் இளைஞர்கள் இவற்றைக் காணொளியில் பார்த்துக் கைதட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீரம் இருந்தது, மறுக்கவில்லை. வென்றது தலைக்கணக்கு. ஆறு பேர் சேர்ந்து வந்தால் இரண்டு பேர் என்ன செய்ய முடியும்?

பின்னாளில் மிஸ்டர் டி, கிங்கி டெய்ல் என்ற இரண்டும் மற்ற நான்கையும் விட்டுத் தனியே போயின. 2010 ஜூனில் மஜிங்கிலானே என்ற புதுக் கூட்டம் வந்தது. அதில் ஒன்றை இவ்விரண்டும் மடக்கிக் கொன்றன. அன்றே மஜிங்கிலானேயில் எஞ்சிய நான்கும் தேடி வந்தன. வளைந்த வாலால் அடையாளம் பெற்ற கிங்கி டெய்ல் அவற்றிடம் சிக்கி மாண்டது. மிஸ்டர் டி தப்பி ஓடியது. பள்ளியில் படித்த நான்கு எருதுகள் கதைதான். இங்கே பிரிந்து கெட்டவை சிங்கங்கள். உடன்பிறந்தாரிடம் திரும்பிய மிஸ்டர் டி அவர்களுடைய குட்டிகளையே கொன்றது. 2012-இல் வேறொரு கூட்டம் அதன் கதையை முடித்தது.

புதிதாக வரும் ஆண் இன்னொன்றின் குட்டியைக் கொல்வது கொடுமையல்லவா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். கொடுமைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண் சிங்கம் ஒரு கூட்டத்தை ஆள்வது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு. குட்டி வளர்க்கும் தாயோ ஏறக்குறைய இரண்டு ஆண்டு அடுத்த ஈற்றுக்கு வருவதில்லை. குட்டி போய்விட்டால் புது ஆணோடு விரைவில் இணைசேரும்; கருவுற்றால் மூன்றரை மாதத்தில் ஈன்றுவிடும். தாய்களும் சும்மா இருப்பதில்லை. கூடி நின்று எதிர்க்கும். ஓரளவு வளர்ந்த பிள்ளைகளோடு ஊரைவிட்டே விலகுவதும் உண்டு.

காவலர்கள் ஏன் தடுப்பதில்லை? தந்தையை மகள் பருவமடையுமுன் புது ஆண்கள் துரத்திவிடுகின்றன; அதனால் உறவுக்குள் இணைசேர்வது பெரிதும் தவிர்கிறது. இங்கிருந்து வடக்கே ஹ்லுஹ்லுவே காப்பகத்தைப் பாருங்கள். வேலிக்குள் சில சிங்கங்களின் சந்ததியே பெருகி, உறவுக்குள்ளேயே ஈன்று நலிந்தது. வேற்று ஆண் நடந்து வர வழியில்லை. கடைசியில் 1999 தொடங்கி வெளியிலிருந்து சிங்கங்களை மனிதர்களே கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.