கம்பு சுற்றுகிறவன் விழவும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

[காட்சி: கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. முன்வாசலில் கேமரா. வரிசையாகத் திறந்திருக்கும் கதவுகள் வழியே பின்வாசல் வெளிச்சம் தெரிகிறது.]

வணக்கம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பலவும் இப்படித்தான். சண்டைக்கலை வீடியோ என்று தலைப்புப் போட்டுவிட்டு வீட்டைக் காட்டுகிறானே என்று தோன்றும். காரணம் இருக்கிறது. தெருவிலிருந்து உள்ளே வர வர இடம் சுருங்குகிறது இல்லையா? சண்டையிலும் அப்படித்தான், இரண்டு பேருக்கு நடுவில் உள்ள தூரம் சுருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு கலையும் அதில் ஏதோ ஒரு தூரத்தில்தான் ராஜா. மற்ற தூரத்தில் கொஞ்சம் திண்டாடும்.

முதலில் தெரு. எட்ட இருக்கும் ஆளுக்கு இந்தச் சீமை வைத்திருந்த பதில் வளரி. வளைந்த கட்டை, வீசி எறிவது. மருது சகோதரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சங்கதி எழுதியிருக்கிறார்: 1795-இல் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருது. தேர்ந்த கையில் இருந்தால் 100 கஜத்துக்குள் வைத்த குறி தப்பாது என்கிறார். 1801-இல் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். அந்த அக்டோபர் 24-ஆம் தேதி, இங்கே பக்கத்துத் திருப்பத்தூரில், மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். அடுத்தவன் வித்தையைக் கற்றுக்கொள்வது யூடியூப் வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள்.

[காட்சி: முகப்பு. சிறுவன் ஒருவன் கம்பு சுற்றுகிறான். பிறகு அவன் பாதங்கள் மட்டும், அருகில்.]

தெருவைத் தாண்டினால் முகப்பு. இது கம்பின் தூரம், அதாவது சிலம்பம். நிமிர்ந்து நின்றால் புருவம் வரை வருகிற மூங்கில். மண்குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப் போகும் புரவி எடுப்பிலும் பொங்கலிலும் நாம் பார்ப்பது அதன் சத்தத்தையும் வேகத்தையும். ஆனால் வேலை நடப்பது கீழே, காலில். நான் சேர்ந்தபோது எங்கள் வாத்தியார் மூன்று வாரம் கையில் கம்பே தரவில்லை. ஊருணிக் கரை மணலில் கோடு கிழித்து, அதன் மேல் காலடி போடச் சொன்னார். முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பி ஒன்று. "கால் நகராம கம்பு மட்டும் சுத்துனா அது பம்பரம்டா அப்பு" என்பார். 

சிலம்பம் கொடுக்கும் பலன்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, இடது கை உயிர் பெறுகிறது. கம்பு இரண்டு கைக்கும் மாறி மாறிப் போவதால் சோற்றுக்கை, பீச்சாங்கை என்ற பேதம் குறைகிறது. மணிக்கட்டும் தோளும் இளகுகின்றன. இன்னொன்று, எதிரில் வருவதற்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் விலகும் புத்தி. இதைக் கால் கற்றுக்கொண்டால் மறக்காது.

சரி, எதிராளி கம்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால்?

[காட்சி: தேக்குத் தூண்களுக்கு நடுவே, கைவீச்சு இடைவெளியில் இருவர்.]

அங்கே கராத்தேயும் குத்துச்சண்டையும் வந்து நிற்கின்றன. கராத்தே, இன்று ஜப்பானின் தெற்கில் உள்ள ஒகினாவா தீவில் வளர்ந்தது. 1922-இல் ஃபுனகோஷி என்ற ஒகினாவா ஆசிரியர் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் ஜப்பான் முழுவதும் பரவியது. கல்லூரி நாட்களில் நான் அதில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் திட்டு மட்டும்தான். கம்புக்காரனுக்கு உடம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கராத்தேயில் அடி நேராகப் போய், ஒரு புள்ளியில் முடிந்து, அங்கேயே ஒரு கணம் நிற்க வேண்டும். "தம்பி, ஏன் ஆடிக்கிட்டே இருக்க?" என்று மாஸ்டர் கேட்காத நாள் கிடையாது. இரண்டு கலை கற்பவர்கள் எல்லோரும் இந்தக் குழப்பத்தைக் கடந்துதான் போக வேண்டும். முதலில் இரண்டுமே கெட்டுப்போன மாதிரி இருக்கும். எனக்குக் கிடைத்தது இடுப்பு. அடியின் பலம் தோளில் இல்லை, தரையை ஊன்றிய காலில் தொடங்கி இடுப்பு வழியாக வருகிறது என்று அங்கேதான் உடம்புக்குப் புரிந்தது. அப்புறம் கம்பைத் தொட்டபோது வீச்சே வேறு மாதிரி இருந்தது.

[காட்சி: வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளக்கிறது. கேமரா தரையோடு தரையாக.]

இன்னும் நெருங்கினால் பிடி. சட்டையைப் பிடித்துவிட்டான், கம்பும் இல்லை, குத்த இடமும் இல்லை. இது ஜூடோவின் இடம். 1882-இல் கானோ ஜிகோரோ டோக்கியோவில் தொடங்கினார். அவர் செய்த ஒரு காரியம்தான் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. ஆபத்தான அடிகளையெல்லாம் தனியாக ஒதுக்கி, எதிர்ப்பில்லாமல் முறைப்படி செய்து பார்க்கும் வரிசைப் பயிற்சியில் வைத்துவிட்டார். மிச்சமிருந்ததை முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆளோடு, தினமும் பழகச் சொன்னார். 'கொடிய' வித்தையை மெதுவாகப் பழகுபவனைவிட, சாதாரண வித்தையை நிஜமாகப் பழகுபவன் தேறிவிடுகிறான்.

எனக்கு முதல் நாளே பாடம் கிடைத்தது. எதிரில் நின்றவன் சட்டையைப் பிடித்தான். நான் பழக்கதோஷத்தில் ஒரு காலைப் பின்னால் வைத்தேன். பாரம் ஏறிய அந்தக் காலையே பின்பக்கமாக வாரிவிட்டான். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பின்வாங்குவது கம்பு தூரத்தில் புத்திசாலித்தனம், பிடி தூரத்தில் தற்கொலை.

ஆனால் ஜூடோ எனக்குத் தந்த பெரிய சொத்து விழும் முறை. தாடையை நெஞ்சோடு ஒட்டு. முதுகை வளை. மூச்சை விடு. கைகளை உடம்பிலிருந்து சாய்வாக விரித்து, உள்ளங்கையால் தரையைத் தட்டு. பின்னால் கையை ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். இரண்டு மாதம் இது மட்டும்தான். சலித்துப்போய் நின்றுவிட இருந்தேன்.

பிறகு ஒரு கல்யாண வீடு. எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல், முற்றத்து ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர், என் கையில் ஒரு வாளி பாயசம். கால் வழுக்கியது. யோசிக்க நேரமில்லை, தாடை தானாக நெஞ்சுக்கு வந்தது. பாயசம் போச்சு, பின்மண்டை தப்பியது. இருபது வருஷப் பயிற்சியில் எனக்கு நிஜமாகப் பயன்பட்ட ஒரே தற்காப்பு அதுதான். தெருச்சண்டையில் நான் செய்ததெல்லாம் ஓட்டம் பிடித்ததுதான். கத்தி வைத்திருப்பவனிடம் இன்றும் அதையேதான் செய்வேன்.

[காட்சி: உயரமான நிலைப்படி. வயதான ஒரு கால் அதைக் கவனமாகத் தாண்டுகிறது.]

இங்கே இன்னொன்று. இந்த வீடுகளில் படியும் நிலையும் அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், வீட்டில் ஆச்சி மட்டும். அவர்களுக்கு டாய் சி நல்லது. சீனக் கலை, பார்க்க நடனம் மாதிரி இருக்கும். வயதானவர்கள் தொடர்ந்து பழகினால் கீழே விழும் அபாயம் குறைகிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றுவதுதான் அதன் உயிர். டாய் சி வகுப்புக்கு எங்கே போவது என்று கேட்டால், சிலம்பக் காலடியையே மெதுவாக, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு போடலாம் என்பேன். இது என் யோசனை. முட்டி வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்போ எல்லாவற்றிலும் சேர்ந்துவிடலாமா? வேண்டாம். எட்டுக் கலை ஒரே ஃபீஸில் என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் பிள்ளைகளுக்குப் பெல்ட் ஏறுகிறது, கால் ஏறுவதில்லை. முதலில் ஒன்றைப் பிடியுங்கள். நம் ஊரில் என்றால் கம்புதான் சுலபம்: வாத்தியார் பக்கத்தில் இருப்பார், செலவு ஒரு மூங்கில். யோசிக்காமல் கால் நகரும் வரை, குறைந்தது இரண்டு வருஷம், அதிலேயே இருங்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கலை எந்தத் தூரத்தில் உங்களைக் கைவிடுகிறது என்று பாருங்கள். சிலம்பமும் வேல்கம்பும் கற்றால் இரண்டு கலை ஆகாது, ஒரே தூரம்தான். சிலம்பமும் ஜூடோவும் என்றால் வீட்டின் இரண்டு வாசலிலும் ஆள் நிறுத்திய மாதிரி.

வகுப்பில் சேர்வதற்கு முன் ஒருநாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எதிர்க்கிற ஆளோடு பழக விடுகிறார்களா, அடிபட்ட பையனை வாத்தியார் எப்படி நடத்துகிறார், இந்த இரண்டையும் கவனித்தால் போதும்.

[காட்சி: அறைக்குள், மேலே சுழலும் ஃபேன்.]

வீட்டுக்குள் கம்பு எடுப்பவர்கள் ஒரு தடவை மேலேயும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஃபேனில் ஒரு ரெக்கை இன்னும் வளைந்துதான் இருக்கிறது. அம்மா அதை மாற்ற விடுவதில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டுமாம்.