ஒரே கம்பனி, ஒரே கட்டடம்: மலையகத்தில் 'நெட் லீஸ்' ஸ்டோர் வாங்குவதற்கு முன்

[திரையில் ஒரு வட்ஸ்அப் செய்தி]

"ஸ்டோர் விற்பனைக்கு. ஹட்டன் பக்கம். 12,000 சதுர அடி. பத்து வருடக் குத்தகையில் நல்ல கம்பனி இருக்கிறது. மாத வாடகை 5 லட்சம். வரி, காப்புறுதி, பராமரிப்பு எல்லாம் கம்பனி பொறுப்பு. விலை 8 கோடி."

வணக்கம். இந்த வீடியோவுக்காக நான் எழுதிய செய்திதான் இது. ஆனால் இதே மாதிரி ஒன்று உங்கள் கைக்கும் வந்திருக்கலாம். கொழும்பில் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள், அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்து பணம் போட நினைப்பவர்கள் என்று பலர் இப்போது இப்படிப்பட்ட கட்டடங்களைத் தேடுகிறார்கள். லயத்தில் பிறந்த நமக்கு ஒரு பேர்ச்சஸ் காணி சொந்தமாவதே பெரிய விஷயம். உறுதி கைக்கு வரும் என்றதும் மனம் இளகிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. இங்கே நான் சொல்லும் ஸ்டோர், சாமான் அடுக்கும் களஞ்சியமாகவும் இருக்கலாம், சின்னத் தொழிற்சாலையாகவும் இருக்கலாம். கட்டடம் முழுவதையும் ஒரே கம்பனி எடுத்திருக்கும். அதுதான் முக்கியம்.

சரி, நெட் லீஸ் என்றால் என்ன? சாதாரண வாடகையில் வாடகைப் பணம் உங்களுக்கு வரும், செலவும் உங்களுக்கு வரும். பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ கட்டும் ஆதன வரி, காப்புறுதி, கூரை ஒழுகினால் திருத்தும் கூலி எல்லாம் உங்கள் பையிலிருந்து போகும். நெட் லீஸில் இந்தச் செலவுகள் குத்தகைக்காரரிடம் போய்விடும். வரி, காப்புறுதி, பராமரிப்பு மூன்றும் அவரிடம் போனால் ட்ரிபிள் நெட் என்பார்கள். அமெரிக்காவில் இது பழகிப்போன முறை. கம்பனிகள் தங்கள் சொந்தக் கட்டடத்தை விற்றுப் பணமாக்கிவிட்டு, அதே கட்டடத்திலேயே 10, 15, 20 வருடக் குத்தகைக்கு இருக்கும். கலிபோர்னியாவில் 1969-இல் தொடங்கிய ரியால்ட்டி இன்கம் என்ற நிறுவனம் இப்படிப்பட்ட கட்டடங்களை வாங்கிச் சேர்த்தே வளர்ந்தது.

[திரையில் கணக்கு]

அந்த 8 கோடிக் கட்டடத்தையே எடுப்போம். வாடகை வருடத்துக்கு 60 லட்சம். வரி, காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் சேர்ந்து வருடம் 12 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நீங்கள் கட்டினால் மிஞ்சுவது 48 லட்சம், அதாவது போட்ட பணத்துக்கு 6 சதவீதம். கம்பனி கட்டினால் 60 லட்சமும் உங்களுக்குத்தான், 7.5 சதவீதம். வருமான வரிக்கு முந்திய கணக்கு இது.

இப்போது இதைப் பக்கத்தில் வையுங்கள்: 2025 மே மாதம் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான தன் கொள்கை வட்டியை 7.75 சதவீதமாக்கியது. கூரையும் இல்லாத, மழையும் படாத இடத்தில், அதாவது வங்கி வைப்பில், அப்போது பணத்துக்குக் கிட்டத்தட்ட அதே வருமானம் கிடைத்தது. அப்படியென்றால் ஸ்டோரில் பணம் போடுவதற்கு நியாயம் இரண்டு இடங்களிலிருந்துதான் வர முடியும். வாடகை வருடா வருடம் ஏற வேண்டும், அல்லது காணியின் பெறுமதி ஏற வேண்டும். காணி ஏறுவது நம் கையில் இல்லை. வாடகை ஏறுவது ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அமெரிக்க நெட் லீஸ்களில் வருடம் 2 சதவீத ஏற்றம் சகஜம். அங்கே பணவீக்கம் பல வருடம் அந்த அளவில்தான் இருந்தது. நம் கதை வேறு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்திய வருடம் 5 லட்சம் வாடகை, ஏற்றம் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்த மாதம் கைக்கு வந்திருப்பது 5 லட்சத்து 25 ஆயிரம். ஒரு வருடத்துக்கு முந்திய விலையில் அதன் பெறுமதி 3 லட்சத்துச் சொச்சம். அந்த வருடக் கடைசியில், அரசாங்கம் கடன் வாங்க விற்கும் மூன்று மாதத் திறைசேரி உண்டியல் வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. 7.5 சதவீதம் தரும் கட்டடத்தை அப்போது யார் வாங்குவார்? செலவைக் குத்தகைக்காரர் தலையில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி, வாடகை கரைவதைத் தடுக்காது. அதனால் ஏற்றத்தை வெறும் சதவீதமாக எழுதாமல், விலைச்சுட்டெண் அதற்கு மேல் போனால் அதையே பின்பற்றும் என்று எழுதப் பாருங்கள். அதற்குக் கம்பனி சம்மதிக்காவிட்டால், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சந்தை வாடகைக்குத் திருத்தும் ஏற்பாடாவது வேண்டும்.

[திரையில் பூட்டிய தகரக் கதவு]

அடுத்தது, எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, பதுளைப் பக்கத்தில் வங்கிக் கடன் எடுத்து இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று கட்டினார். முழுக் கட்டடத்தையும் ஒரு தையல் கம்பனி எடுத்தது. எட்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. வரியும் கட்டினார்கள், வெள்ளையும் அடித்தார்கள். மாமா மாதக் கடைசியில் வங்கிக்குப் போய் வந்தால் போதும்.

எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு குறித்த உலக ஆடை வர்த்தகத்தின் கோட்டா முறை 2004 டிசம்பரோடு முடிந்தது. சின்னக் கம்பனிகளுக்கு ஓர்டர் குறைந்தது. அடுத்த வருட நடுவில் ஒரு சனி, ஞாயிறுக்குள் இயந்திரங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். இரண்டு மாத மின்சாரப் பில் பாக்கி. மீட்டர் மாமாவின் பெயரில் இருந்ததால் அதை மாமாதான் கட்டினார். கட்டடம் மூன்று வருடம் சும்மா கிடந்தது. தையல் வரிசைக்கு என்று அளந்து கட்டிய மேல் மாடி மண்டபத்துக்குச் சாமான் ஏற்ற வழி இல்லை, அதனால் களஞ்சியத்துக்கும் ஆள் வரவில்லை. கடனுக்காக வேனை விற்றார்.

மாமா கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருமானமோ தையல் கம்பனிக்கு ஓர்டர் கொடுத்த, மாமா ஒரு நாளும் பார்க்காத வியாபாரிகளின் கையில் இருந்தது. நெட் லீஸில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஒரு கம்பனியின் வாக்கை. பத்துக் குடித்தனக்காரர் இருக்கும் கட்டடத்தில் ஒருவர் போனால் பத்தில் ஒரு பங்கு போகும். இங்கே போனால் முழுதாகப் போகும். நம் 8 கோடிக் கட்டடம் 18 மாதம் காலியாக இருந்தால் 90 லட்சம் வாடகை இல்லை. கம்பனி கட்டிய செலவும் உங்களிடம் திரும்பி வரும், அது 18 லட்சம். மொத்தம் 1 கோடியே 8 லட்சம். கிட்டத்தட்ட இரண்டு வருட வருமானம்.

ஆகவே கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் குத்தகைக்காரரின் தொழிலைப் பாருங்கள். ஆடைத் தொழில் என்றால், ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை 2010-இல் போய் 2017-இல் திரும்பி வந்ததும், 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரி என்று அறிவித்து ஓகஸ்ட்டில் 20-க்குக் குறைத்ததும் உங்கள் வாடகையைத் தொடுகிற செய்திகள். மரக்கறி சேகரிக்கும் கம்பனியா, பார்சல் கம்பனியா, பிஸ்கட்டும் சவர்க்காரமும் விநியோகிக்கும் ஏஜன்சியா? ஒவ்வொன்றுக்கும் ஆபத்து வேறு இடத்திலிருந்து வரும்.

அப்புறம் கையெழுத்தைப் பாருங்கள். பெரிய கம்பனியின் பெயர்ப் பலகை வாசலில் தொங்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருப்பதோ போன வருடம் பதிவு செய்த ஒரு சின்னத் தனியார் கம்பனியாக இருக்கலாம். அது மூடிக்கொண்டால் தாய்க் கம்பனி உங்களுக்கு ஒரு சதமும் தர வேண்டியதில்லை, உத்தரவாதம் எழுதியிருந்தால் தவிர. அந்த உத்தரவாதத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வருட வாடகையாவது வைப்புப் பணமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு வரி இருக்கிறது, தயவு செய்து அதைத் தேடிப் படியுங்கள். "குத்தகைக்காரர் மூன்று மாத முன்னறிவித்தலின் பேரில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்." இந்த வரி இருந்தால் உங்களிடம் இருப்பது பத்து வருடக் குத்தகை என்று பெயர் வைத்த மூன்று மாதக் குத்தகை. அதை வைத்து 8 கோடி கேட்கிறவருக்குப் பாதி விலை சொல்வதற்கும் யோசிக்க வேண்டும். பத்து வருடத்தில் எத்தனை வருடம் முடிந்துவிட்டது என்பதையும் அதோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில் கூரை, கான், தடுப்புச் சுவர்]

இனி நம் மலைக்கே உரிய விஷயம். "பராமரிப்பு குத்தகைக்காரர் பொறுப்பு" என்று எழுதியிருக்கும். கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மண் மேடு யாருடைய பொறுப்பு? தடுப்புச் சுவர்? மேலே இருந்து வரும் தண்ணீரை இறக்கிவிடும் கான்? சமதரைக்கு எழுதிய ஒப்பந்த மாதிரிகளில் இவை இருக்காது. அமெரிக்காவிலேயே கூரையும் அத்திவாரமும் யாருக்கு என்பதில் வழக்கு வருவதுண்டு. நமக்கு அதோடு மலையும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறந்தவர்கள் நம்மில் யாரும் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை சரிவுகள். கான் அடைத்து நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதுதான் பல சரிவுகளின் தொடக்கம். கானைத் துப்புரவு செய்வதை மாதம் குறித்து எழுதுங்கள். சுவரை வருடம் ஒரு தடவை பொறியியலாளர் பார்த்து அறிக்கை தர வேண்டும், அந்தச் செலவு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். வாங்குவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

காப்புறுதியும் அப்படித்தான். தீக் காப்புறுதி என்று எடுத்தால் மண்சரிவும் வெள்ளமும் தானாகச் சேராது, கேட்டுச் சேர்க்க வேண்டும். கட்டணத்தைக் கம்பனி கட்டினாலும் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கட்டடம் சேதமாகித் திருத்தும் மாதங்களுக்கான வாடகை இழப்பையும் சேருங்கள்.

வரியில் ஒரு சின்ன விஷயம். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது சபைக்குத் தேவையில்லை. ஆதன வரி பாக்கி என்றால் அது கட்டடத்தின் மேல்தான் வரும். முழு வருட வரியை ஜனவரிக்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு, ஆகவே பெப்ரவரியில் கம்பனியிடம் ரசீது கேட்பதை வழக்கமாக்குங்கள். மாத வாடகை 1 லட்சத்துக்கு மேல் என்றால் கம்பனி 10 சதவீதத்தைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும். நம் கணக்கில் மாதம் 50,000. அது உங்கள் வரியில் கழியும், சான்றிதழை வாங்கி வைத்தால். குத்தகைக்கான முத்திரைத் தீர்வை 2025 ஏப்ரல் முதல் ஆயிரத்துக்கு 20 ரூபா. பத்து வருடத்துக்கு 6 கோடி வாடகை என்றால் 12 லட்சம், யார் கட்டுவது என்று புதுக் குத்தகையில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

காணி. இதில் நம் ஊரில் ஏமாறுவது சுலபம். பெரிய தோட்டங்களின் காணி அரசுடையது. பெருந்தோட்டக் கம்பனிகளிடம் இருப்பது 2045 வரையான குத்தகைதான். அந்த நிலத்தில் நிற்கும் கட்டடத்தை ஒருவர் "விற்றால்" உங்களுக்குக் கிடைப்பது மிஞ்சிய வருடங்கள், அதுவும் உரிய அனுமதி இருந்தால். அரசிடமிருந்து கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியும் அளிப்புக் காணியும் உறுதிக் காணி போல இல்லை. காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகள் வரை சட்டத்தரணி தேடிப் பார்க்கட்டும். குத்தகையும் நொத்தாரிசு முன்னால் எழுதிப் பதிந்ததாக இருக்க வேண்டும். அப்படி எழுதிய குத்தகை இருந்தால்தான், காலம் முடிந்தும் எழும்ப மறுப்பவரிடமிருந்து கட்டடத்தை மீட்க 2023-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டம் உதவும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்ட அண்ணன் பங்கு போடுகிறார் என்றால், இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால் அவர் பெயரில் உறுதி எழுத 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டம் தடையாக இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வரும்.

கடைசியாகக் கட்டடம். இந்தக் கம்பனி போனால் வேறு யார் வருவார்? கந்தப்பளையில் மூடிய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996-இல் ஹோட்டலானது. ஹந்தானையில் 1925-இல் கட்டிய தொழிற்சாலை இப்போது தேயிலை அரும்பொருட்சாலை. அழகான கதைகள்தான், ஆனால் ஒவ்வொரு பழைய ஸ்டோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. லொறி திரும்ப முற்றம் இருக்கிறதா, 40 அடிக் கொள்கலன் அந்த வளைவில் ஏறுமா, மூன்று கட்ட மின்சாரம் இருக்கிறதா, நடுவில் தூண் இல்லாத தரையும் உயரமான கூரையும் இருக்கிறதா? இவை இருந்தால் மரக்கறிக்காரரும் வருவார், பார்சல்காரரும் வருவார். நல்ல மழை நாளில் போய் நின்று பாருங்கள். வெயிலில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

[திரையில் மீண்டும் அதே வட்ஸ்அப் செய்தி, கீழே பதில் தட்டப்படுகிறது]

"வணக்கம் ஐயா. குத்தகை ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, உறுதியின் பிரதி, மண்சரிவு அறிக்கை, கடைசி 12 மாத வாடகை வங்கிக்கு வந்த பதிவு, இந்த வருட வரி ரசீது ஆகியவற்றை அனுப்புங்கள். பார்த்துவிட்டு மழை நாள் ஒன்றில் நேரில் வருகிறேன்."