1904 என்று போட்டிருந்தால் அது முதல் பதிப்பா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் மதாமா பட்டர்ஃப்ளை என்ற ஓபராவுக்கு (இசை நாடகத்துக்கு) ஒரு பழைய ஸ்கோர், அதாவது இசைக்குறிப்பு நூல், விலைக்கு வந்திருக்கிறது. இத்தாலிய இசைப் பதிப்பகமான ரிகோர்தியின் வெளியீடு. உள்ளே 1904 என்று இருக்கிறது. முதல் பதிப்பு என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். நம்பி வாங்கலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். அந்த 1904 காப்புரிமை வாங்கிய ஆண்டு. உங்கள் பிரதி எந்த ஆண்டு அச்சானது என்பதை அது சொல்லாது. ரிகோர்தி இந்த ஸ்கோரைப் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கிறது. பிந்தைய பிரதிகளிலும் அந்த 1904 அப்படியே நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நானும் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கினேன். விற்றவரும் தெரியாமல்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். வீட்டுக்கு வந்து கடைசிக் காட்சியைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது.

ஏன் கடைசிக் காட்சி? இந்த ஓபராவின் கதை அப்படி. 1904 பிப்ரவரி 17 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதல் முறையாக நடந்தது. ரசிகர்கள் கூச்சலிட்டார்கள், கேலி செய்தார்கள். அந்த ஓர் இரவோடு புச்சினி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது அது இரண்டே அங்கம். இரண்டாவது அங்கம் இடைவேளை இல்லாமல் மிக நீளமாகப் போனது. புச்சினி உட்கார்ந்து வெட்டினார், மாற்றினார், நீண்ட அங்கத்தின் நடுவில் திரையை இறக்கினார். அதே ஆண்டு மே 28 அன்று பிரெஷா நகரில் மறுபடி மேடையேறியபோது பெரும் வெற்றி. அதற்குப் பிறகும் அவர் திருத்துவதை நிறுத்தவில்லை.

பிரெஷாவுக்காகச் சேர்த்ததுதான் "அடியோ, ஃபியோரிதோ அசில்" என்ற பாட்டு. நாயகி பட்டர்ஃப்ளையைக் கைவிட்ட கணவன் பிங்கர்டன், அவளைப் பார்க்கும் துணிவில்லாமல் அந்த வீட்டிடம் விடைபெற்று ஓடுகிற இடம். இன்று டெனர் (உச்சக் குரல் ஆண்) பாடகர்கள் எல்லோரும் பாடுகிற பாட்டு. ஆனால் லா ஸ்காலாவில் நடந்த முதல் நிகழ்ச்சியில் அது இல்லை. ஆகவே உங்கள் ஸ்கோரில் அந்தப் பாட்டு இருந்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அது முதல் பதிப்பு இல்லை. நான் வாங்கிய பிரதியில் அது இருந்தது.

அதனால்தான் ஓபராவில் முதல் பதிப்பு எனக்கு இவ்வளவு முக்கியமாகத் தெரிகிறது. பழைய தாள், அழகான அட்டை என்பதற்காக மட்டும் இல்லை. இசையமைப்பாளர் மனம் மாறுவதற்கு முன்னால் அந்தப் படைப்பு எப்படி இருந்தது என்பதை அது பிடித்து வைத்திருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பீசேயின் கார்மென் ஓபராவும் அப்படித்தான். 1875 மார்ச்சில் பாரிஸில் நடந்தபோது பாட்டுகளுக்கு நடுவே வசனம் பேசினார்கள். ஜூனில் பீசே இறந்துபோனார். அந்த வசனங்களைப் பாடும் வடிவத்துக்கு மாற்றியவர் அவருடைய நண்பர் கிரோ, வியன்னா மேடைக்காக. கிரோ எழுதிய அந்தப் பகுதிகள் உள்ளே இருந்தால், பீசே கண்ணால் பார்த்த கார்மென் உங்கள் கையில் இல்லை.

சரி, பட்டர்ஃப்ளைக்கு வருவோம். வேறு என்ன பார்க்கலாம்? பக்கத்தின் அடியில் ஓர் எண் இருக்கும். அதைப் பிளேட் எண் என்பார்கள். உலோகத் தகடுகளில் இசைக்குறிகளை இடவலம் மாற்றிச் செதுக்கிய காலத்தில், தகடுகள் கலந்துவிடாமல் இருக்கப் போட்ட எண் அது. ஆண்டே போடாத ஸ்கோர்களுக்குக் காலம் கணிக்க இது பெரிய உதவி. ஆனால் மறு அச்சிலும் அதே எண் வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரிகோர்தி பிரதிகளில் இன்னொன்று உண்டு: மை இல்லாமல் அழுத்திய முத்திரை. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மாதமும் ஆண்டும் தெரியும். விரலால் தடவினாலே மேடு தட்டும். பின்னட்டை விளம்பரத்தையும் விடாமல் படியுங்கள். 1910 டிசம்பரில் நியூயார்க்கில் முதலில் மேடையேறிய புச்சினியின் 'லா ஃபான்சியுல்லா டெல் வெஸ்ட்' அதில் இருந்தால், அந்த அட்டை 1904இல் அச்சானது இல்லை.

இன்னொரு விஷயமும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்திருப்பது குரலும் பியானோவும் மட்டும் உள்ள வோகல் ஸ்கோராகத்தான் இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. எல்லா வாத்தியங்களுக்கும் உரிய இசை அடங்கிய முழு ஸ்கோரை, இத்தாலிய ஓபராவைப் பொறுத்தவரை, அந்தக் காலப் பதிப்பாளர்கள் கடையில் விற்பதில்லை, அரங்குகளுக்கு வாடகைக்குத்தான் கொடுப்பார்கள். வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் வாங்கியது வோகல் ஸ்கோர். ஆகவே இத்தாலிய ஓபராவில் முதல் பதிப்பு தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கையில் கிடைப்பது அதுதான்.

ஜெர்மனியில் வேறு மாதிரி. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் டான்ஹாய்சர் ஓபராவை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். 1845இல் டிரெஸ்டனில் அதன் முழு ஸ்கோரை 100 பிரதிகள் கல்லச்சில் போட்டார்கள். செலவு வாக்னருடையது. அச்சுக் கல்லுக்கு மாற்றுகிற தாளில் அவரே தன் கையால் முழு ஓபராவையும் எழுதினார். அந்த 100 பிரதிகளில் ஒன்றைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது வாக்னருடைய கையெழுத்தையேதான்.

இப்படித் தேடிச் சேர்த்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஃபிராங்க்பர்ட்டின் பால் ஹிர்ஷ். யூதர் என்பதால் 1936இல் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார், தன் இசை நூலகத்தையும் காப்பாற்றிக் கொண்டுபோனார். அவருடைய நூலகப் பட்டியலில் ஒரு தொகுதி முழுக்க ஓபரா ஸ்கோர்களுக்கே. 1946இல் அந்தச் சேகரிப்பைப் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது; இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: விற்பவரிடம் கடைசிக் காட்சியின் எல்லாப் பக்கங்களையும், தலைப்புப் பக்கத்தையும், பின்னட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்க எண்கள் விட்டுப்போகாமல் வருகின்றனவா என்று பாருங்கள். தாள் கிழிந்து போனதால் பாட்டு காணாமல் போயிருக்கக் கூடாது. எண்கள் சரியாக இருந்து, பிங்கர்டன் அந்தப் பாட்டைப் பாடாமலே வெளியேறினால், அப்புறம் விலையைப் பேசுங்கள்.