மொட்டைக் கோபுரம் சாட்சி

நடுவர் அய்யா அவர்களே, திருமங்கலத்து மக்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். குடும்பத்துக்கு நிம்மதி தருவது எதையும் குறையில்லாமச் செய்யுறதா, போதும்னு நிறுத்தி ஓய்வெடுக்குறதா? நான் ஓய்வுக் கட்சி.

எதிரணித் தங்கச்சி என்ன சொல்லிட்டுப் போச்சு? "மதுரை தூங்கா நகரம். இது போதும்னு சிற்பி உளியைக் கீழ வச்சிருந்தா மீனாட்சி கோயில் வந்திருக்குமா?" எல்லாரும் கை தட்டுனீங்க. நானுந்தான் தட்டுனேன். ஏம்மா, வடக்கு வாசல் பக்கம் நீ போனதே இல்லையா? அந்தக் கோபுரத்துக்கு என்ன பேரு? மொட்டைக் கோபுரம்! நாயக்கர் காலத்துல எடுத்தது, மேல்நிலை இல்லாமலே கிடந்து, 1878லதான் நகரத்தார் முடிச்சு வச்சாங்க. கிழக்க, புதுமண்டபத்துக்கு எதிர்ல ராய கோபுரம். திருமலை நாயக்கர் ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் முடியலை. கோபுரம் முடியட்டும், அப்புறம் மீனாட்சிக்குத் தாலி கட்டலாம்னு எந்தப் பட்டராவது சொன்னாரா?

தூங்கா நகரமாம்! நடுராத்திரி இட்லி கிடைக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அதே ஊருல தினம் ராத்திரி சொக்கநாதர் பல்லக்குல பள்ளியறைக்குப் போயிடுறாரு. "அய்யய்யோ, இன்னும் ரெண்டு பேருக்கு வரம் பாக்கி இருக்கே"ன்னு அவர் முழிச்சிருக்கிறதில்லை.

முழிச்சிருக்கிறது நம்ம வீட்டுப் பொம்பளைங்க. துடைச்ச அடுப்பு மேடையைப் பதினோரு மணிக்கு மறுபடி துடைக்கிறாங்க. ஏன்? காலையில மாமியார் விரலால தடவிப் பார்ப்பாங்க. குறையே இருக்கக் கூடாதுன்னு மேடையில முழங்குற அண்ணன்மாரே, நீங்க கட்டியிருக்க வேட்டியைத் துவைச்சு மடிச்சது யாரு? எனக்குக் கோபமே இங்கதான். குறை கண்டுபிடிக்கிறது ஒருத்தர், தூக்கத்தைக் குடுக்குறது இன்னொருத்தர்.

வாரம் 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் உழைச்சா பக்கவாதம் வர வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல்னு 2021ல உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்னாங்க. அது வெளியில பார்க்குற வேலைக்கு மட்டும் போட்ட கணக்கு. அடுப்படி மணி நேரம் அதுல சேரவே இல்லை.

ஜவுளிக்கடைப் பிள்ளைங்களைப் பாருங்க. நாள் பூரா நின்னே சேலை விரிச்சுப் போட்டாங்க. மடிப்பு கலையலை, கால்தான் வீங்கிப் போச்சு. அவங்க உக்கார இருக்கை குடுக்கணும்னு நம்ம தமிழ்நாட்டுல 2021ல சட்டத்தையே திருத்த வேண்டியிருந்துச்சு. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம்!

"அப்ப எல்லாரும் அரைகுறையாச் செஞ்சிட்டுப் படுத்துக்கலாமா?"ன்னு தங்கச்சி கேக்கும். பஸ் ஓட்டுற டிரைவர் கவனமாத்தான் இருக்கணும். ஆனா ரெண்டு ராத்திரி தூங்காத டிரைவர் வண்டியில நீ ஏறுவியாம்மா?

மணி அடிச்சுட்டாங்க. அய்யா, பின்னால உக்காந்திருக்க தாய்மாருக்கு விடியக்காலம் மல்லிகைப்பூ பறிக்கப் போகணும். தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க, கொஞ்சம் சுருக்கமாவும் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.