கண்ணாடியின் முதுகில் இன்னொரு கண்ணாடி

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தோவாளைப் பூச்சந்தையில் எடுத்த ஒரு படத்தை ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பூக்கட்டும் அம்மா ஒருவரின் முகம். அவருடைய கண்ணுக்குத்தான் குறி வைத்திருக்கிறார். ஆனால் கண்ணும் முகமும் மங்கிப்போய், முதுகுக்குப் பின்னால் குவிந்திருந்த பிச்சிப்பூ மொட்டுகள் மட்டும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. அடுத்தடுத்த படங்களும் அப்படியே. பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா. லென்ஸை மாற்றிப் பார்த்தும் குறை போகவில்லை. கேமராவை ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன். முட்டம் கடற்கரைக்குப் போய்வந்த பிறகு கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது, அதைத் துடைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை என்றார்.

பழுது பார்க்கும் என் மேசைக்கு வரும் பழைய கேமராக்களில் பலவற்றின் கதை இந்தத் 'துடைத்தேன்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அதனால்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் ஒரு கேமராவைக் காப்பாற்றி வைத்திருப்பது எளிதல்ல. மணக்குடி, முட்டம், குளச்சல் என்று எங்கே நின்றாலும் காற்றில் உப்பு இருக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஈரம் தங்கிய லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே துடைக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. எதைத் துடைக்கிறோம் என்று தெரியாமல் கை வைப்பதில்தான் கேடு.

லென்ஸைக் கழற்றினால் உள்ளே சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி தெரியும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே அனுப்புகிறது. மேலே ஒரு மங்கலான திரை, அதற்கும் மேலே பட்டகம், அதைக் கடந்துதான் ஒளி நம் கண்ணுக்கு வருகிறது. அந்தத் திரையில் உட்கார்ந்த தூசிதான் வியூஃபைண்டரில் கரும்புள்ளியாகத் தெரிகிறது. அது படத்தில் விழவே விழாது. படம் எடுக்கும் நொடியில் கண்ணாடி மேலே மடங்கிக்கொள்ள, ஒளி நேராக, படத்தைப் பதியும் பட சென்சாருக்குப் போய்விடுகிறது. யாருக்கும் கெடுதல் செய்யாத அந்தப் புள்ளியைத் துரத்தப்போய்த்தான் பலர் கேமராவைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைத் தன் வழியே கசிய விடும்படி செய்யப்பட்டது. கசிந்த ஒளியைப் பிடிக்க அதன் முதுகில் இன்னொரு சிறு கண்ணாடி, கீல் வைத்து மாட்டப்பட்டிருக்கிறது. அது ஒளியைக் கீழே திருப்பி, கேமராவின் அடித்தளத்தில் பதிந்திருக்கும் ஃபோகஸ் சென்சாரிடம் கொடுக்கிறது. லென்ஸின் இரு ஓரங்களிலிருந்தும் வரும் ஒளியை அந்த சென்சார் இரண்டு உருவங்களாக வாங்கி, இரண்டுக்கும் இடையே எவ்வளவு விலகல் என்று அளக்கிறது. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பது அந்த விலகலிலேயே தெரிந்துவிடும். 1985-இல் மினோல்டா 7000 வந்த காலத்திலிருந்து தானாக ஃபோகஸ் செய்யும் ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் கேமராக்கள் இந்த வழியில்தான் நடந்து வந்திருக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விழப்போகும் படத்தை ஃபோகஸ் சென்சார் பார்ப்பதே இல்லை. ஒளி பட சென்சாருக்குப் போகும் தூரமும், சிறு கண்ணாடி வழியாகத் தன்னிடம் வரும் தூரமும் இம்மி பிசகாமல் ஒன்று என்று நம்பியே அது கணக்குப் போடுகிறது. லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து பட சென்சார் வரை கேனான் இஎஃப் கேமராவில் 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப் கேமராவில் 46.5 மில்லிமீட்டர். இத்தனை கறாராக வைத்த அளவுக்கு நடுவே நாம் விரலால் கண்ணாடியை ஓர் அழுத்து அழுத்தினால், முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடி தன் இருப்பிலிருந்து சற்றே கோணிவிடும். கேமரா சரியாகப் பிடித்துவிட்டேன் என்று 'பீப்' ஒலி எழுப்பும். படத்தில் தெளிவு வேறெங்கோ விழுந்திருக்கும்.

அந்த இளைஞரின் கேமராவை விளக்குக்குக் கீழே வைத்துப் பெரிய கண்ணாடியை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். சிறு கண்ணாடியின் கீலில் ஒரே ஓர் இழை பஞ்சு, தலைமுடியைவிட மெல்லியது, சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் அது முழுதாகக் கீழிறங்கித் தன் இடத்தில் உட்கார முடியாமல் நின்றது. இடுக்கியால் இழையை எடுத்தேன். வியூஃபைண்டரில் ஃபோகஸ் பிடிக்கும் இடங்களைக் காட்டும் புள்ளிகளில் நடுப்புள்ளி சரியாயிற்று, ஆனால் வலப்பக்கப் புள்ளிகள் இன்னும் தவறின. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை நேராக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன. பெரிய கண்ணாடியின் மேல் விழுந்திருந்த கீறல்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருக்கும். இதில் பூச்சு முன்புறத்திலேயே இருக்கிறது. மூக்குக்கண்ணாடித் துணி பட்டால்கூடக் கோடு விழும்.

எல்லாக் குறையும் இவ்வளவு பெரிதல்ல. வியூஃபைண்டர் மட்டும் மங்கலாகத் தெரிந்து படம் தெளிவாக இருந்தால், அதன் ஓரத்தில் உள்ள பார்வைத்திறன் திருகு துடைக்கும்போது சுழன்றிருக்கும், திருப்பி வையுங்கள். லென்ஸ் அசையவே இல்லையென்றால், ஆட்டோஃபோகஸுக்கான ஏஎஃப் பொத்தான் எம்முக்கு, அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு, தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் லென்ஸின் பின்னால் உள்ள பொன்னிறத் தொடுமுனைகளை, ஐசோபுரோப்பில் ஆல்கஹால் லேசாக நனைத்த இழை உதிராத துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த முனைகளைப் பார்த்திருக்கிறேன். முலாம் போய்விட்டால் நம் கடற்காற்றில் அவை விரைவில் கறுத்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. முக்காலியில் கேமராவை வைத்து, மேசையில் தையல் டேப்பை நீளவாக்கில் விரித்து, ஓர் எண்ணுக்கு நேராகத் தீப்பெட்டியை நிறுத்துங்கள். லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து, தீப்பெட்டிக்கு ஃபோகஸ் வைத்துச் சாய்வாக எடுங்கள். ஒரு படத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு ஐந்தாறு எடுங்கள். எல்லாவற்றிலும் தெளிவு ஒரே பக்கம் விலகுகிறதா? அடுத்து, பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூ இருந்தால் அதிலும் எடுங்கள். பழைய கேமராக்களில் அது பெரும்பாலும் பட சென்சாரைப் பார்த்தே ஃபோகஸ் செய்யும். அதில் தெளிவாகவும் வியூஃபைண்டர் வழியில் பிசகியும் வந்து, லென்ஸை மாற்றியும் அப்படியே இருந்தால், குறை பெரும்பாலும் லென்ஸில் இல்லை; கண்ணாடிப் பாதையில் இருக்கிறது. ஃபோகஸை நுண்மையாகத் திருத்தும் வசதி சில கேமராக்களின் மெனுவில் உண்டு. எல்லாப் புள்ளியும் ஒரே அளவு விலகினால் அது உதவும். இடமும் வலமும் வெவ்வேறாகப் பிசகினால் உதவாது.

தூசிக்கு ரப்பர் ஊதுபந்து போதும். லென்ஸ் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதினால் தூசி கீழே உதிரும். வாயால் ஊதவே ஊதாதீர்கள். எச்சில் துளி போய் ஒட்டும். அரிசிப் பானைக்குள் கேமராவை வைக்கும் வழக்கமும் வேண்டாம், அரிசியின் மாவே தூசிதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பழுதுபார்க்கக் கொண்டுபோகும்போது, எதைத் தொட்டீர்கள், எதைக் கொண்டு துடைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பலர் சொல்வதில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன் என்று அந்த இளைஞர் சொன்னதால்தான் நான் நேராகக் கீலைப் பார்த்தேன்.

நன்றி, வணக்கம்.