டெக்சாஸ் துப்பாக்கி லைசென்ஸ்ல முதல்ல திருத்த வேண்டியது எது? பட்டிமன்றத்துல "பயிற்சியே" அணியில நான் பேசினது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில இருக்குற அண்ணனுக்கும் அக்காவுக்கும், ஹால் நிறைய உக்காந்திருக்குற டெக்சாஸ் தமிழ் சொந்தங்களுக்கும் வணக்கம்.

கைத்துப்பாக்கிய சட்டைக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டு போற லைசென்ஸ்ல முதல்ல குறைக்க வேண்டியது செலவும் அலைச்சலும்தான்னு அண்ணன் பேசிட்டு உக்காந்தாரு. இல்ல, முதல்ல கூட்ட வேண்டியது பயிற்சின்னு நான் சொல்றேன். சுசானா ஹப் அம்மா கதைய அவர் சொன்னப்போ எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊர்ல லூபீஸ் ஹோட்டல், ஒருத்தன் உள்ள புகுந்து 23 பேர சுட்டுக் கொன்னான், அதுல அந்தம்மாவோட அப்பா அம்மா ரெண்டு பேருமே போயிட்டாங்க, அவங்க துப்பாக்கி வெளிய கார்ல கெடந்துச்சு, ஏன்னா கூட எடுத்துட்டு போக அன்னைக்கு சட்டம் விடல.

ஆனா அண்ணே, மிச்ச கதையையும் சொல்லணும்ல? அந்த வலிக்கு பதிலா 1995-ல ஜார்ஜ் புஷ் கவர்னரா இருந்து கையெழுத்து போட்ட சட்டம்தான் இந்த லைசென்ஸ கொண்டு வந்துச்சு, அதுவும் குறைஞ்சது 10 மணி நேரம் வகுப்புல உக்காரணும்னு சொல்லித்தான் வந்துச்சு. 2013-ல அதை 4-லேர்ந்து 6 மணி நேரத்துக்குள்ளன்னு வெட்டுனாங்க, அதே வருஷம் ரினியூவலுக்கு வகுப்பும் வேணாம் சுட்டுக் காட்டவும் வேணாம்னு எடுத்துட்டாங்க. செலவுன்னு சொன்னீங்க, 140 டாலர் ஃபீஸ் 2017-லயே 40 ஆயிடுச்சு. உங்க பக்கம் கேட்டது பாதிக்கு மேல கெடச்சாச்சு, எங்க பக்கம் இருந்தது பாதிக்கு மேல போயாச்சு.

அந்த சுடுற டெஸ்ட் என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். 50 ரவுண்டு, அதாவது 50 குண்டு, 3 யார்டு தூரத்துல 20, 7 யார்டுல 20, 15 யார்டுல 10, நூத்துக்கு 70 எடுத்தா பாஸ். அசையாம நிக்கிற பேப்பர் டார்கெட், துப்பாக்கி முன்னாடியே கையில ரெடியா இருக்கும். நான் நல்ல மார்க்குலதான் பாஸ் பண்ணேன். வீட்டுக்கு வந்து புல்லட் எல்லாத்தையும் எடுத்துட்டு, ரெண்டு தடவ செக் பண்ணிட்டு, சட்டைக்குள்ளேர்ந்து எடுத்துப் பார்த்தா சட்டை நுனி பிடியில சுத்திக்கிச்சு, இழுக்குறேன் வரல, என் விரல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. மறைச்சு வச்சுக்க லைசென்ஸ் குடுத்தாங்க, மறைச்சதை எடுக்கத் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

இங்க இருக்குற நம்மள்ல முக்காவாசி பேரு ஊர்ல பொட்டு வெடி துப்பாக்கிய தவிர எதையும் தொட்டதில்ல. H-1B வேலை விசாவுல இருக்குற வரைக்கும் பொதுவா துப்பாக்கி வச்சுக்கவே முடியாது, வருஷக்கணக்கா காத்திருந்து கிரீன் கார்டு வந்தப்புறம்தான் முதல் துப்பாக்கி. அப்பா கூட மான் வேட்டைக்கு போய் வளர்ந்த டெக்சாஸ்காரருக்கு 4 மணி நேரம் போதும்னே வச்சுக்குவோம், நமக்கு போதுமா?

இன்னொண்ணு, சட்டசபை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கூடுது, கூடுறப்பல்லாம் துப்பாக்கி சட்டம் மாறுது. மறைச்சு எடுத்துட்டு வராதேன்னா கடை வாசல்ல 30.06 போர்டு. 2016-ல வெளிய தெரியுற மாதிரி வச்சுக்கலாம்னு ஆனதும், அப்படியும் வராதேன்னு சொல்ல 30.07-ன்னு இன்னொரு போர்டு. அங்கேயே உக்காந்து குடிக்க மது விக்கிற வருமானம் பாதிய தாண்டுற இடத்துல, துப்பாக்கி கூடாதுன்னு சிவப்பு 51% போர்டு. 2012-ல வகுப்பு முடிச்சவரு 5 வருஷத்துக்கு ஒருக்கா ஆன்லைன்ல ரினியூ பண்ணிக்கிட்டே இருந்தா, 30.07-ன்னா என்னன்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

2021 செப்டம்பர்லேர்ந்து 21 வயசானவங்களுக்கு லைசென்ஸே தேவையில்லையே, அப்புறம் எதுக்கு பயிற்சின்னு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கப்புறமும் ஜனங்க லைசென்ஸ் எடுக்குறாங்க, வேற பல ஸ்டேட்டுலயும் செல்லும், கடையில துப்பாக்கி வாங்குறப்போ குற்றப் பின்னணி பாக்குற பேக்ரவுண்ட் செக்குக்கு காத்திருக்க வேணாம். அப்படி தானா முன்வந்து கத்துக்க வர்றவங்கள வெறுங்கையோட அனுப்பாதீங்கன்னுதான் சொல்றேன்.

அலைச்சல் இருக்கு, ஒத்துக்குறேன். கைரேகை ஒரு இடம், வகுப்பு ஒரு இடம், சுட்டுக் காட்டுற ரேஞ்ச் ஒரு இடம்னு ராத்திரி ஷிஃப்ட் பாக்குற ஒரு அம்மா எத்தனை நாள் லீவு போடுவாங்க? எல்லாத்தையும் ஒரே இடத்துல ஒரே நாள்ல முடிங்க, வசதி இல்லாதவங்களுக்கு வகுப்பு காசையும் ஸ்டேட்டே கட்டட்டும். ஆனா அந்த நாள் முழு நாளா இருக்கட்டும், உடுப்புக்குள்ளேர்ந்து எடுத்து காட்டட்டும், 5 வருஷம் கழிச்சு திரும்ப வந்து சுட்டு காட்டட்டும்.

அப்புறம் துப்பாக்கி இருக்குற ஹேண்ட்பேக். ஆளுக்கொரு சமையல் கொண்டு வர்ற பாட்லக்குக்கு போனா நாம என்ன பண்ணுவோம், எல்லார் பையையும் பெட்ரூம் கட்டில்ல குவிச்சு வைப்போம், அதே கட்டில்லதான் புள்ளைங்க குதிக்கும். 17 வயசுக்கு கீழ உள்ள புள்ள கைக்கு எட்டுற மாதிரி குண்டு போட்ட துப்பாக்கிய விட்டு, அது புள்ள கையில கெடச்சுட்டா இங்க குற்றம், வகுப்புல அதை சொல்லித்தான் குடுக்குறாங்க, ஆனா யாரையும் செஞ்சு காட்ட சொல்றதில்ல. அடுத்தவங்க வீட்டுக்கு போனா எங்க வைப்ப, பாத்ரூம் போனா எங்க வைப்ப, பெட்டியில பூட்டி காட்டுன்னு ஒரு அரை மணி நேரம் அந்த டெஸ்ட்ல சேத்துட்டு, அப்புறமா என் பக்கத்து வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் குடுங்க நடுவர் ஐயா. என் பொண்ணுக்கு 6 வயசு, நாளைக்கு அவங்க வீட்டுலதான் பர்த்டே பார்ட்டி.