ஒரே கருவாடு, வேறு வேறு மூக்கு

(பாம்பனில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்கா தங்கச்சிமார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என் அம்மா கருவாடு விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். வெளியூரில் கல்லூரி விடுதி. முதல் வாரம் பெட்டியைத் திறந்ததும் அறையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள். என் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன். வாசனையின் மரபியலைப் படித்த பிறகுதான், அவள் உண்மையையே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. இன்று பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

மூக்கின் உள்கூரையில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, ஒரு சிறிய பரப்பில் பல லட்சம் நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு வகை ஏற்பியைத்தான் வைத்திருக்கும். காற்றில் வரும் மூலக்கூறு அந்த ஏற்பியில் பொருந்தினால் மூளைக்குச் சேதி போகும். இந்த ஏற்பிகளைச் செய்யும் மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் கண்டறிந்தார்கள். 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு வேலை செய்யும் வாசனை மரபணுக்கள் சுமார் 400. நம் மொத்த மரபணுக்களில் நூற்றுக்கு இரண்டு! யானைக்குச் சுமார் 2000. நானூறு போதுமா என்றால், போதும். 247 எழுத்தைக் கூட்டி நாம் எத்தனை சொல் பேசுகிறோம்? அதுபோல ஒரு வாசனைக்குப் பல ஏற்பிகள் சேர்ந்து ஒலிக்கின்றன.

இப்போது முக்கியமான இடம். இந்த நானூறும் உங்களுக்கும் எனக்கும் ஒன்றாக இல்லை. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் நூற்றுக்கு முப்பது ஏற்பிகள் வேலை செய்யும் விதத்தில் மாறுபடுகின்றன. மல்லித்தழை சிலருக்குச் சோப்பு மாதிரி இருப்பதற்கும் ஒரு வாசனை மரபணுவோடு தொடர்பு உண்டு. அதில் மரபணுவின் பங்கு கொஞ்சம்தான், பெரிதாகச் சொல்ல வேண்டாம். மீன் கதை அப்படியல்ல.

அம்மா ஏலத்தில் மீனைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். செவுளைக் கட்டைவிரலால் தூக்குவார். நிறத்தைப் பார்ப்பார். அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரே மூச்சு. "இது நேத்து மீன்." அவ்வளவுதான், கூடையை நகர்த்திவிடுவார். அந்த ஒரு மூச்சில் அவர் பிடித்தது டிரைமெத்தில் அமீன் என்ற பொருளை. கடல்மீனின் சதையில் வாசமே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் உடம்பைச் சமனாக வைத்துக்கொள்ள அது மீனுக்குத் தேவை. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. கவிச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். சுறாவிலும் திருக்கையிலும் அந்த மூலப்பொருள் மிக அதிகம். கூடவே யூரியாவும் உண்டு. அது அம்மோனியாவாக மாறுவதால்தான் பழைய திருக்கை கண்ணைக் கரிக்கிறது.

இந்த அமீனைப் பிடிக்க மூக்கில் தனியாக ஓர் ஏற்பி உண்டு. டார்-5 என்று பெயர். 2020-இல் ஐஸ்லாந்தில் 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் மீன் வாடை உட்படச் சில வாசனைகளைக் கொடுத்து, என்ன வாசம், எவ்வளவு கடுமை, பிடிக்கிறதா என்று கேட்டார்கள். அவர்களும் நம்மைப்போல மீன் தின்று வாழ்பவர்கள், சுறாவைப் புளிக்க வைத்துச் சாப்பிடுகிறவர்கள். டார்-5 மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்த சிலருக்கு அந்த வாடை உறைக்கவில்லை. உருளைக்கிழங்கு என்றார்கள், கேரமல் என்றார்கள், ரோஜா என்றுகூடச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் மூக்குக்கு அது அப்படித்தான்.

"எங்களுக்குப் பழகிப்போச்சு டீச்சர்" என்று கருவாடு காயவைக்கும் களத்து அக்காமார் சொல்வார்கள். அதுவும் சரிதான், ஆனால் அது வேறு. நாள் முழுக்க ஒரே வாசத்தில் இருந்தால் எல்லா மூக்கும் அதை விட்டுவிடும். வெளியே போய்த் திரும்பினால் மறுபடி தெரியும். பிறவியிலேயே அந்த வாசத்தை உணராத மூக்குக்கு எங்கே போய்வந்தாலும் தெரியாது.

இன்னொன்றை இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும். சிலருடைய உடம்பிலிருந்தே மீன் வாடை வரும். எத்தனை முறை குளித்தாலும் போகாது. சுத்தமில்லாதவள் என்று ஒரு பெண்ணை ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது எஃப்எம்ஓ-3 என்ற மரபணுவின் பழுது. முட்டை மஞ்சள், ஈரல், கடல்மீன் முதலியவற்றைத் தின்னும்போது குடலில் உண்டாகும் அதே அமீனை, நம் உடம்பில் உள்ள ஈரல்தான் வாசமில்லாத பொருளாக மாற்ற வேண்டும். அது நடக்காதபோது வியர்வையிலும் மூச்சிலும் வந்துவிடுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நிலை. சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடும். அது அரிது, ஆனால் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சாப்பாட்டை மாற்றி, லேசான அமிலத்தன்மை உள்ள சோப்பு கொடுத்தே நிறையக் குறைக்கலாம்.

அமிலம் ஏன் என்று கேட்கிறீர்களா? நம் அடுப்படியில் இருக்கிறது பதில். மீனைப் புளித்தண்ணீரில் அலசுகிறோம், பொரித்த மீனில் எலுமிச்சை பிழிகிறோம். அமிலம் பட்டதும் அமீன் உப்பாக மாறிவிடும். உப்பு காற்றில் எழும்பாது, மூக்குக்கும் வராது. அம்மாவின் புளிச்சட்டியும் டாக்டரின் சோப்பும் ஒரே வேலையைச் செய்கின்றன.

சரி, மேடைக்குக் கீழே மூன்று டப்பா வைத்திருக்கிறேன். ஒன்றில் சோம்பு, ஒன்றில் மல்லித்தழை, ஒன்றில் நேற்றுக் காய்ந்த நெத்திலி. வரிசையாக வந்து, கண்ணை மூடி மோந்து பார்த்து, என்ன வாசம் என்று சீட்டில் எழுதிப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் பார்க்க வேண்டாம். பாட்டிமார் முதலில் வாங்க.